முள்ளுக்கு ஓர் உறை

முள்ளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இறக்கையைத் தொடும் முன், வயிற்றில் கத்தி வைக்கும் முன், வாலின் மேல் பல்லுப்பல்லாய்ப் படிந்து கிடக்கிற அந்த முள்ளை அடியோடு சீவி, பலகைக்குப் பின்னால் இருக்கிற குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற வேலை. திருக்கை வெட்ட உட்கார்ந்த நாளிலிருந்து மிக்கேலம்மாளுக்கு இது யோசித்துச் செய்கிற காரியமாக இருந்ததில்லை. கோயில் வாசலைத் தாண்டும்போது நெற்றிக்குப் போகிற கை மாதிரி கத்தி தானாகப் போய் முடித்துவிட்டு வந்துவிடும். இன்றைக்குப் போகவில்லை. பலகை கொள்ளாமல் இரண்டு பக்கமும் வழிந்து கிடந்தது திருக்கை. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. இன்னும் உயிர் இருக்கிறது. பலகையை விட்டு இறங்கி மணலில் வளைந்து கிடந்தது வால், கறுப்பாக, ஆள் நீளத்துக்கும் மேலே. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண் அங்கேதான் போய் நிற்கிறது. "இன்னைக்குப் பெருசா ஒண்ணு வந்தா வால எடுத்து வைம்மா. பழசு ஒடிஞ்சிபோச்சி." விடிகிற நேரத்தில் வலை எடுக்கப் போகும்போது தனிஸ்லாஸ் சொல்லிவிட்டுப் போன வார்த்தை. உப்பு தீர்ந்துவிட்டது, வாங்கி வை என்பது மாதிரிதான் சொன்னான். கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு லோட்டாவைக் கழுவிக்கூட வைத்தான். அவள் பெற்ற பிள்ளை. பழசு எப்படி ஒடிந்தது என்று அவளும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது, நடுவில் ஒரு சுவர்தானே.

நேற்று விளக்கு வைக்கிற நேரம். மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் முதல் அடி விழுந்த சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். காய்ந்த திருக்கை வால் காற்றைக் கிழிக்கும்போது ஒரு சீழ்க்கை வரும், பிறகு பட்டென்று ஒரு வெடிப்பு, அதற்குப் பிறகு ஒரு அமைதி, அடிபட்ட தோல் தனக்கு என்ன நடந்தது என்று புரிந்துகொள்கிற வரைக்கும் ஒரு அமைதி, அதற்குப் பிறகுதான் எரியும். அவளுடைய முதுகுக்கு அந்த வரிசை மனப்பாடம். அவளுடைய வீட்டுக்காரர் கடலில் போன பிறகும் அந்த வால் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. எடுத்துத் தூர எறியலாம் என்று தோன்றவே இல்லை. ஆம்பிளை இருந்த வீடு என்று அது சொல்லிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எறியாதது மட்டுமா, விறைத்துப்போய் வெடிக்கக் கூடாது என்று தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு அதையும் ஒரு தடவை உருவிவிடுவாள். அந்த எண்ணெய் ஊறிய வால்தான் நேற்று ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி மேல் சுழன்றது. குழம்பில் உறைப்பு கூடிப்போனதாம். மிக்கேலம்மாள் என்ன செய்தாள், எழுந்து போய்க் கதவைத் தட்டினாளா, இல்லை, செபத்தைச் சத்தமாகச் சொன்னாள். அருள் நிறைந்த மரியே என்று தொண்டை கிழியச் சொன்னாள், அந்தப் பக்கத்துச் சத்தம் காதில் விழாதபடிக்கு. சொல்லிக்கொண்டே போனவள் திருவயிற்றின் கனி என்கிற இடத்தில் நின்றுவிட்டாள். நாக்கு அதற்கு மேல் போகவில்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அங்கேயே தட்டி நின்றது. இப்போதும், கையில் கத்தியோடு, உள்ளுக்குள் ஓடுகிற செபம் அதே இடத்துக்கு வந்து, வலையில் மாட்டின செவுள் மாதிரி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல். காலையில் தண்ணீர்க்குடத்துக்குப் பக்கத்தில் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மருமகள் பிரிஸ்கா. ஒரு கண் மூடிவிட்டது. "மாமி, நான் போகட்டா?" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. அவளுடைய அம்மா டவுனில் இருக்கிறாள். இவள் குனிந்து அவள் நெற்றியில் சிலுவை போட்டு, "அவன் திருந்தணும்னு அந்தோனியாருக்குப் பதிமூணு செவ்வா நேந்திருக்கேன் மக்கா, இன்னும் ரெண்டுதான் பாக்கி, பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னபோது அது ஆறுதல் மாதிரி இருந்தது. இங்கே உட்கார்ந்து நினைக்கும்போது, ஓடப் பார்க்கிற ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுத்து நிறுத்தின மாதிரி இருக்கிறது.

கத்தி இறங்கிவிட்டது. வாலின் அடியில், உடம்போடு சேருகிற இடத்தில், ஒரே வெட்டு. ரத்தம் மணிக்கட்டு வரைக்கும் தெறித்தது. வால் துண்டாகிக் கீழே விழுந்த பிறகும் மணலில் ஒரு தடவை சுருண்டு நிமிர்ந்தது. பக்கத்துப் பலகையில் சூரை வெட்டிக்கொண்டிருந்த கித்தேரி தலையைத் தூக்காமலே, "முள்ள எடுத்தாச்சா மைனி?" என்றாள். இங்கே வெட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "எடுத்தாச்சு." வாயிலிருந்து வந்த பிறகுதான் மிக்கேலம்மாளுக்கு உறைத்தது, எடுக்கவில்லை என்று. முள் அப்படியே இருக்கிறது, வழுவழுப்புக்குள் பதுங்கி. ஐயோ, எடுத்துவிடலாம், இப்போதுகூட எடுத்துவிடலாம், கத்தியை ஒரு சீவு சீவினால் போதும். கித்தேரி பேசிக்கொண்டே போனாள். "ஒம்மவன் வால் கேட்டானாமே. எம் வீட்டுக்காரரும் கேக்காரு, எதுக்குன்னு கேட்டா பேய் அண்டாதாம். வீட்டுக்குள்ள குத்தவச்சிருக்கிற பேய என்ன செய்யதுன்னு கேட்டேன். மனுசன் பேசலியே." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மிக்கேலம்மாளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே வாலை இழுத்துத் தன் பலகைக்கு அடியில், யாரும் மிதித்துவிடாதபடி தன் காலோரமாகப் போட்டு, மேலே ஈரச்சாக்கை மூடினாள். அவளுக்குத் தெரியும் அது என்ன செய்யும் என்று. கெண்டைக்காலில் எப்போதோ முள் குத்தின தழும்பு இன்னும் கருத்துப்போய் இருக்கிறது. குத்தினபோது ஊசி ஏறின மாதிரிதான் இருந்தது, பிறகு தீயை உருக்கி நரம்புக்குள் ஊற்றின மாதிரி, அது முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, அடிவயிற்றுக்கு ஏறி, பிள்ளை பெற்ற வலியெல்லாம் விளையாட்டு என்று ஆக்கிவிட்டது. பொழுது சாய்கிற வரைக்கும் மண்ணில் உருண்டாள். உயிரை எடுக்காது. வயிற்றிலோ நெஞ்சிலோ குத்தினால் எடுத்துவிடும். கையில் குத்தினால் எடுக்காது. கையில் என்று ஏன் நினைத்தேன்? மாதாவே, நான் ஏன் கையில் என்று நினைத்தேன்?

"அம்மா, வெட்டிராதீங்க, ஒரு நிமிஷம்." ஸ்கூட்டரைச் சுவரோரம் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள் சுகிர்தா, மீன்வளக் கல்லூரிப் பெண், திருக்கையை அளக்க வருகிறவள். மெலிந்த பிள்ளை. முதல் நாள் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்தது, அடுத்த நாள் திரும்பி வந்தது, அதிலிருந்து மிக்கேலம்மாளுக்கு அவளைப் பிடிக்கும். டேப்பை ஒரு இறக்கை நுனியிலிருந்து அடுத்த நுனிக்குப் பிடிக்க இவளும் கை கொடுத்தாள். "இவ்வளவு பெருசு வந்து ரொம்ப நாளாச்சும்மா. எல்லாம் சின்னதாத்தான் வருது. இது வயசுக்கு வரவே பல வருஷம் ஆகும், அதுக்குள்ளயே பிடிச்சிடுறோம். வயசுக்கு வந்தாலும் ஒண்ணு ரெண்டு குட்டிதான். மத்தி மாதிரி லட்சம் முட்டையா போடுது?" "பொம்பளைக்கு லட்சம் பிள்ளை பெத்தா மட்டும் என்ன மிஞ்சுது" என்றாள் கித்தேரி. சுகிர்தா சிரித்துக்கொண்டே, வெட்டும்போது முதுகெலும்பில் ஒரு கணு எடுத்துத் தரச் சொன்னாள். அதை மெல்லிசாக அறுத்துக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தால் மரத்துக்கு இருப்பது மாதிரி வளையம் வளையமாகத் தெரியுமாம், எண்ணினால் வயசாம். நன்றாகத் தின்ற காலத்தில் வளையம் அகலமாக விழும், வாடின காலத்தில் நெருக்கி விழும் என்றாள். மிக்கேலம்மாளுக்கு முதுகு கூசியது. என் எலும்பை அறுத்தால் எப்படி இருக்கும், கல்யாணத்துக்கு முன்னால் அகலமாக ஒரு பத்துப் பதினைந்து, பிறகு நெருக்கி நெருக்கி ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கோடே தெரியாமல். பிரிஸ்காவுக்கு இப்போதுதான் நெருங்க ஆரம்பித்திருக்கும். கல்யாணமாகி வந்தபோது அந்தப் பெண்ணுக்கு என்ன சிரிப்பு, இட்லிக்கு மாவு கரைக்கும்போதுகூட ஒரு சிரிப்பு. அது எந்த வளையத்தோடு நின்றது? பார்க்காமலா இருந்தேன்? பார்த்துக்கொண்டு செபம்தானே சொன்னேன்.

திருக்கையைப் புரட்டிப் போட்டார்கள். வெள்ளை வயிறு. வாய், மனித முகத்தில் இருக்கிற மாதிரி ஒரு வாய், திறந்து திறந்து எதையோ சொல்லப் பார்த்தது. கத்தியை வைக்கவில்லை, அதற்குள் அது முக்கியது. மிக்கேலம்மாள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், வலையில் அடிபட்டு வருகிற தாய்த் திருக்கை சாகிற நேரத்தில் வயிற்றில் இருப்பதை வெளியே தள்ளிவிடும். நான் போகிறேன், நீ பிழைத்துக்கொள் என்கிற மாதிரி. முதலில் பால் வந்தது. வெள்ளையாக, கொழகொழவென்று, பலகையில் ரத்தத்தோடு கலந்து வழிந்தது. "கர்ப்பப்பைக்குள்ளயே பால் சுரக்கும்மா, உள்ள பஞ்சு நூல் மாதிரி இருக்கும், அதுலருந்து. குட்டி உள்ள இருந்தே குடிக்கும்" என்றாள் சுகிர்தா. குரல் தணிந்துவிட்டது. "தெரியும் பாப்பா, கையெல்லாம் ஒட்டும்." பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்றுதான் திருக்கையைத் தேடி வாங்கிக்கொண்டு போகிறார்கள், இதையும் யாரோ ஒரு பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுப்பார்கள், பூண்டு தட்டிப் போட்டு. அதற்குப் பிறகு குட்டி வந்தது. வெற்றிலையைச் சுருட்டினது மாதிரி இறக்கை இரண்டையும் வயிற்றைச் சுற்றி மடித்துக்கொண்டு ஒன்று. பலகையில் விழுந்ததும் அது தன்னை விரித்தது. மெதுவாக, இரண்டு பக்கமும், யாரும் சொல்லித் தராமலே. அடுத்தது விரியவில்லை. சுருண்டபடியே கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கி, நீலமாக. மிக்கேலம்மாளுக்குக் கடற்கரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இந்த நீலம். இதே நீலம்தான். தனிஸ்லாசுக்கு முன்னால் ஒன்று இருந்தது, பெண், வீட்டுக்காரருடைய கால் இந்த இடத்தில், இங்கே, தொப்புளுக்குக் கீழே இறங்கின மறுநாள் வந்து விழுந்தது. அதுவும் விரியவில்லை. அழவில்லை. ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. வேலிக்கு வெளியே உடைமரத்தடியில் ஒரு துணியில் சுற்றி வைத்தார்கள். பேர் இல்லை. பால் மட்டும் கட்டிக்கொண்டது, நாள் கணக்கில், கல் மாதிரி, சேலையெல்லாம் நனைந்து, குடிக்க ஒரு வாய் இல்லாமல். அந்த ஈரத்தோடுதான் மறுபடி இங்கே வந்து உட்கார்ந்து மீன் வெட்டினாள். யாருக்கும் தெரியாது. கித்தேரிக்குத் தெரியும். கித்தேரி அன்றைக்கும் சிரிக்கத்தான் வைத்தாள். நேற்று அடித்த அடியில் ஒன்று வயிற்றில் விழுந்ததா, விழவில்லையா? காலையில் வயிற்றைப் பொத்திக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாள். அசைகிறதா என்று நான் ஏன் கேட்கவில்லை? புதிய வால் ஈரமானது, கனமானது, பழையது மாதிரி ஒடியாது. இன்றைக்கு அந்த வீட்டுக்குள் இது போனால் அந்தப் பிள்ளை பிழைக்காது. இடையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். வெயில் ஏறுவதற்குள் வள்ளம் வந்துவிடும்.

சுகிர்தா உயிரோடிருந்த குட்டியைத் வாயகன்ற தண்ணீர் வட்டையில் விட்டு, அதன் வாலை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். "இங்க பாருங்கம்மா, இதுக்கும் முள் இருக்கு. ஆனா மேல ஒரு உறை போட்டிருக்கு பாருங்க, மெத்துனு. அம்மாவோட வயித்தக் குத்திடக் கூடாதுல்ல, அதுக்காக." மிக்கேலம்மாள் ரத்தக் கையோடு குனிந்து பார்த்தாள். பிள்ளைக்குத் தொப்பி வைத்தது மாதிரி ஒரு சின்ன உறை. ஆண்டவருக்கு எவ்வளவு யோசனை. "எப்ப கழறும் பாப்பா?" "பிறந்து கொஞ்சத்துலயே கழண்டு விழுந்திரும்." கழன்று விழுந்துவிடும். என் பிள்ளைக்கு எப்போது விழுந்தது? மடியில் கிடந்து பால் குடிக்கும்போது கை இவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வயசில் ஒரு நாள், அப்பன் வாலை ஓங்கினபோது அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினானே, அடி அவன் காதில் விழுந்து காதுமடல் பிளந்துபோனதே, அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறதே. அன்றைக்கு உறை இருந்தது. அதற்குப் பிறகு எந்த நாள், எந்த வேளை, நான் அடுப்படியில் இருந்தபோதா, கோயிலுக்குப் போயிருந்தபோதா, எந்த மணலில் கழன்று கிடந்தது, நான் மிதித்துக்கொண்டு போனேனா? அப்பன் புது வாலை எப்படிப் பார்ப்பார் என்றுகூட அவன் கற்றுக்கொண்டான். நுனியைப் பிடித்து, உள்ளங்கையை இறுக்கி, அடிவரைக்கும் ஒரே இழுப்பாக உருவிப் பார்ப்பார், கணு இருக்கிறதா, முறுக்கு சரியா என்று. முள்ளெடுத்த வாலைத்தான் அப்படி உருவலாம். முள்ளெடுத்துத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும், பெண்டாட்டி எடுத்து வைத்திருப்பாள். அம்மா எடுத்து வைத்திருப்பாள். அம்மா. சாக்குக்கு அடியில் கால்விரலில் அந்த ஈரம் பட்டுக்கொண்டே இருந்தது.

கத்தியைக் கீழே வைத்தாள். "பாப்பா, ஒரு உதவி செய்வியா. இந்த மீனு எங்கயும் போகாது, உனக்கு வேண்டியத எல்லாம் நான் எடுத்து வச்சிருக்கேன். மாதா குருசடிக்கு அடுத்த வீடு, பச்சைக் கதவு. உள்ள எம் மருமவ இருக்கா, பிள்ளைத்தாய்ச்சி. அடிபட்டுக் கிடக்கா. நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அவ அம்மா டவுன்லதான் இருக்கா, நம்பர் அவகிட்ட இருக்கும்." சுகிர்தா டேப்பைச் சுருட்டாமலே நின்றாள். "அவங்க வருவாங்களாம்மா? நீங்க சொன்னாத்தானே..." மிக்கேலம்மாள் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றினாள். ரத்தமும் பாலும் மணியெல்லாம் ஒட்டிக்கொண்டது. "இதக் குடு. மாமி போகச் சொன்னான்னு சொல்லு. செவ்வாக்கிழமைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்னு சொல்லு. இந்த ரோட்டுலதான் போகணும், வேற வழி இல்ல. இங்க யாரு கத்தினாலும் நிறுத்தாத." கித்தேரியின் கத்தி நின்றுவிட்டது. பலகைகளுக்குப் பின்னால் அடுப்பில் காப்பிக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "போ பிள்ள, சீக்கிரம் போ" என்றாள்.

ஸ்கூட்டர் ஊருக்குள் திரும்பவும் வள்ளம் கரையில் முட்டவும் சரியாக இருந்தது. இப்படியா சேர்ந்து வர வேண்டும், அந்தோனியாரே. தனிஸ்லாஸ் இடுப்பளவு தண்ணீரில் குதித்து நடந்து வந்தான், உப்பு பூத்த தோள், வெயிலுக்குச் சுருங்கின கண், பிளந்த காது. என்ன அழகான பிள்ளை. "எம்மா, பசிக்கி. வீட்டுக்குப் போறேன்." போனால் வழியில் பார்த்துவிடுவான். பச்சைக் கதவுக்கு முன்னால் இந்நேரம் அவள் ஏறிக்கொண்டிருப்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. "இருய்யா, காப்பி குடிச்சிட்டுப் போ." "வேண்டாம். வால் எங்க?" அவள் குனிந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போதுகூட எடுத்துவிடலாம், சீவுவதற்குக் கத்தி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒரு சொல் சொன்னால் போதும், பாத்துய்யா முள் இருக்கு என்று ஒரு சொல். ஊருக்குள்ளிருந்து ஸ்கூட்டர் கிளப்புகிற சத்தம் கேட்டது. கிளம்பவில்லை. மறுபடி கிளப்புகிற சத்தம். தனிஸ்லாஸ் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். மிக்கேலம்மாள் சாக்கை விலக்கி, வாலை மணலில் ஒரு புரட்டுப் புரட்டி, அடிப்பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு நுனியை அவனிடம் நீட்டினாள். "நல்ல வால்யா. உருவிப் பாரு."

அவன் உருவினான். அப்பனைப் போலவே, உள்ளங்கையை இறுக்கி, ஒரே இழுப்பாக. பாதியில் கை நின்றது. முகத்தில் ஒன்றும் இல்லை, ஒரு ஆச்சரியம் மட்டும், அந்த அமைதி, தோல் புரிந்துகொள்கிற அந்த அமைதி. அவன் கண் அவள் கண்ணைப் பார்த்தது. பிறகு கத்தினான். ஏலக்கூடத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிவிட்டன. உள்ளங்கைக்குள் ஏறின முள் மறுபக்கம் தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிடுங்கப் பிடுங்கப் பல்லு சதையைக் கிழித்தது. மண்ணில் விழுந்து முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டான், இவ்வளவு பெரிய ஆள், வெற்றிலை மாதிரி. "எம்மா, எரியுதும்மா, எம்மா." வள்ளத்தில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். "மைனிக்கு வயசாயிட்டு, முள்ள எடுக்க மறந்திட்டா போல" என்று ஒருவன் சொன்னான். மிக்கேலம்மாள் மணலில் உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். "மறக்கல" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். யாரும் அவளைத் தொடவில்லை. கித்தேரி சுடுதண்ணீரோடு வந்து நின்றாள். கை பொறுக்கிற சூட்டுக்கு மிக்கேலம்மாளே தன் விரலை விட்டுப் பார்த்து, வட்டையிலிருந்த குட்டியைக் கித்தேரி கையில் அள்ளிக் கொடுத்து, "கடல்ல விடு" என்று சொல்லிவிட்டு, அந்த வட்டையில் சுடுநீரை ஊற்றி, அவன் கையை அதற்குள் அமுக்கிப் பிடித்தாள். அவன் திமிறினான். விடவில்லை. விஷம் இறங்க வேண்டும் என்றால் பொறுக்க வேண்டும். தண்ணீர் சிவந்தது. "எதுக்கும்மா, எதுக்கு, நீ போய்..." அவள் வாய் செபத்தில் இருந்தது. ரோட்டில் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் ஒருத்தி பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள், ஒரு கை வயிற்றில், இன்னொரு கையில் செபமாலை, காற்றில் ஆடிக்கொண்டு. தனிஸ்லாஸ் பார்த்தான். எழப் போனான், வலி அவனைப் பிடித்து மறுபடி மடியில் போட்டது. சத்தம் சின்னதாகிச் சின்னதாகிப் பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மிக்கேலம்மாள் அவன் பிளந்த காதைத் தடவிக்கொண்டே திருவயிற்றின் கனி என்கிற இடத்துக்கு வந்தாள், நின்றாள், தாண்டினாள், அடுத்த சொல்லைச் சொன்னாள்.